நோன்புத் தலைவலி

உங்கள் முன்னால் நின்று சிரித்துப் பேசுகிற ஆளுக்குள் சயனைட் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றால், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்களா?

மாட்டீர்கள். நானும் மாட்டேன். நான் இரசாயனவியலில் ஸ்பெஷல் டிகிரி முடித்தவள். அம்மா இதைக் கல்யாணத் தரகர்களிடம் சொல்லிச் சொல்லி ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பகல் ஒரு மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

சரி, முதலில் சாமானைச் சொல்கிறேன். அசிட்டோநைட்ரைல். லேபில் யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, ஏசிஎன் என்போம். பார்த்தால் வெறும் தண்ணீர். மணம் லேசான இனிப்பு. அழகுக்கடையும் ஆஸ்பத்திரி வார்டும் கலந்த மாதிரி. தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும், தண்ணீரைவிட வேகமாகக் காயும், நெருப்புப் பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும், எரிந்தால் வருகிற புகை இன்னும் மோசம். பிளாஸ்டிக்குக்கும் செயற்கை நூலுக்கும் வேண்டிய வேறொரு இரசாயனத்தைச் செய்யும்போது பக்கவாட்டில் கிடைக்கிற உபரிதான் இது. ஆனால் மருந்து செய்கிறவர்களுக்கும் எங்களைப் போலப் பரிசோதனை செய்கிறவர்களுக்கும் இது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

எங்கள் லேப் மாத்தளை டவுனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. தனியார் லேப். வெளிநாட்டுக்குப் போகிற மிளகு, கராம்பு, சாதிக்காயிலும், தம்புள்ளைச் சந்தையிலிருந்து எடுத்து வருகிற கறிமிளகாய், போஞ்சியிலும் பூச்சிமருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். அரைத்த மிளகைக் குழாயில் போட்டு, தண்ணீர் விட்டு, ஏசிஎன் ஊற்றிக் குலுக்குவோம். அதற்குள் உப்பைப் போட்டால், அதுவரை தண்ணீரோடு ஒன்றாய்க் கிடந்த ஏசிஎன் தனியாகப் பிரிந்து மேலே வந்து நிற்கும், மிளகுக்குள் ஒளிந்திருந்த மருந்தையெல்லாம் தூக்கிக்கொண்டு. முதல் தடவை பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்போதும் சிலிர்க்கிறது, காரணம்தான் வேறு.

அதன் மூலக்கூறில் ஒரு முனையில் ஒரு காபனும் ஒரு நைதரசனும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போத்தலுக்குள் இருக்கும்வரை அந்த ஜோடி சும்மா கிடக்கும். உடம்புக்குள் போனால் ஈரல் அதை மெல்ல மெல்லக் கழற்றும். கழன்றால் சயனைட். நேரடியாகச் சயனைட் உள்ளே போனால் நிமிடங்களில் கதை முடியும். இது மணிக்கணக்கில் இழுக்கும். காலையில் மூச்சில் இழுத்தவர் மத்தியானம் சோறு சாப்பிட்டு, போனில் கிரிக்கெட் பார்த்து, பின்னேரம் விழுவார்.

எங்கள் நானா மத்தியானம் சோறு சாப்பிடவில்லை. நோன்பு.

நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். எங்கள் நானா லேபின் டிரைவர். பரம்பரை பரம்பரையாக மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். இவருக்கு மட்டும் கடையில் உட்காரப் பொறுமை இல்லை. நாற்பது தாண்டியவர். வேன் ஓட்டுவது, சாம்பிள் எடுத்து வருவது, ஜெனரேட்டரைத் திட்டி ஓட வைப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்தான். நாங்கள் இருவரும் சும்மா இருக்கும் நேரமெல்லாம் வாயடித்துக்கொள்வோம். அவர் பேச்சில் 'இரு' என்பது 'ஈ' ஆகும், 'சொல்' என்பது 'செல்' ஆகும். அந்த வருடம் ரமழானும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. நான் கத்தோலிக்கப் பிள்ளை. நானும் நோன்புதான், இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"முட்ட?" என்று கேட்டார்.

"முட்டை சாப்பிடலாம்."

"மீன்?"

"மீனும் சாப்பிடலாம் நானா."

"தண்ணி?"

"தண்ணி குடிக்காம எப்படி இருக்கிறது?"

"அப்ப நீங்க நோம்பு புடிக்கல தங்கச்சி. மெனுவ மாத்தி ஈக்கிறீங்க."

நோன்பு விஷயத்தில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. சின்ன வயதில் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. "டெங்கு கூட பெருநாள் முடியிற வரைக்கும் காத்திருந்துதான் எனக்கு வந்திச்சி" என்பார்.

அன்று காலை மழை. கொழும்பிலிருந்து ஏசிஎன் பெட்டி வந்தது, உள்ளே நாலு பெரிய கண்ணாடிப் போத்தல். லொறிக்காரன் அதை வாசலில் ஈரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அட்டைப் பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது. அந்தப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். நானா மிளகு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவர், எதையும் தோளில்தான் வைப்பார். ஸ்டோருக்குள் போய்த் தோளிலிருந்து இறக்கும்போது அடி பிய்ந்தது. மூன்று போத்தல் தரையில் உடைந்தது.

ஸ்டோர் என்பது அந்தப் பழைய வீட்டின் குளியலறை. ஏசிக் குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். நான் அப்போது மருந்தை அளக்கிற மெஷின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பாட்டோடு இருந்தேன். நானா என்ன செய்தார் என்றால், ஸ்டோர் கதவை உள்ளே நின்று சாத்திக்கொண்டார். மணம் வெளியே வந்தால் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று. கைக்குட்டை லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினார். நோன்பு நேரம் மணத்தை வேண்டுமென்று உள்ளே இழுக்கக் கூடாது, அதற்காகவும்தான். தூசிக்கு ஈர லேஞ்சி நல்லதுதான். ஏசிஎன்னோ தண்ணீரைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்கிற ஜாதி. லேஞ்சி அதைப் பிடித்து நேராக மூக்கில் வைத்துக் கொடுத்திருக்கும். பிறகு குந்தி உட்கார்ந்து, வெறுங்கையால் துணி போட்டு ஒற்றி, வாளிக்குள் பிழிந்து, முழுவதையும் துடைத்தெடுத்தார்.

நான் வெளியே வந்தபோது வேலை முடிந்திருந்தது. காற்சட்டை முழங்கால்வரை நனைந்து, கண் சிவந்து, விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நானா இந்த மணம்?"

"மூணு போத்தல் உடஞ்சிட்டிது தங்கச்சி. நான் சுத்தமா தொடச்சிட்டன். சேர் கேட்டா நானே செல்றன், நீங்க ஒண்டும் செல்ல வாணாம்."

"கிளவுஸ் எங்க?"

"ரெண்டு நிமிஷத்து வேலைக்கா?"

வாளியை எட்டிப் பார்த்தேன். அது இரண்டு நிமிடத்து வேலை இல்லை.

அவரை முற்றத்துக்கு இழுத்துப் போனேன். காற்சட்டையை மாற்றச் சொன்னேன். காற்றுக்குக் காய்ந்துவிடும் என்றார். காய்கிறது உண்மைதான், ஆனால் பாதி வெளியே போனால் பாதி தோலுக்குள் போகும் என்று கத்திய பிறகு, வேனில் இருந்த கைலிச் சாரத்துக்கு மாறி, சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவினார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"எதுக்கு?"

"அது விஷம் நானா. உடனே தெரியாது. பிறகுதான் வேலை காட்டும்."

"எனக்கு ஒண்டுமில்லையே. டொக்டர்ட்ட போய் என்ன செல்ற? பொறகு வருத்தம் வரும், இப்பவே குளிச தாங்க எண்டா? குளிச போட்டா நோம்பு போயிடும்."

சேருக்குப் போன் எடுத்தேன். சேர் என்றால் லேப் முதலாளி, அன்று கொழும்பில் இருந்தார்.

"அது காஞ்சிரும்மா. ஃபேனைப் போட்டு விடுங்க. ஆள் நல்லா இருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காரு சேர்."

"அப்புறமென்ன?"

அப்புறமென்ன என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் இன்னும் நடக்கவில்லை.

அன்று தம்புள்ளைக்குப் போய்க் காய்கறி சாம்பிள் எடுக்கிற நாள். அந்த ரோட்டில், மரக்கறி லொறிகளுக்கு நடுவில், வேனுக்குள் இவர் கண் மூடினால் என்று நினைத்ததும் சாவியை எடுத்து என் கோட் பையில் போட்டுக்கொண்டேன். கணக்குப் பார்க்கிற அக்காவிடம் போய் முறைப்பாடு வைத்தார்.

"பாருங்க, சேர்ச்சுக்குப் போற புள்ள வேன் சாவிய களவெடுத்து ஈக்கிறா."

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பகல். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அவர் வேனின் சீட்டைத் தட்டித் துடைத்தார். வீட்டுக்குப் போன் எடுத்து, கஞ்சிக்கு இஞ்சி கூடப் போடச் சொன்னார். பின்னறையில் பாயை விரித்து மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதார். கதவிடுக்கால் பார்த்தேன். குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். வைத்த நெற்றி மேலே வருமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வந்தது. இந்த நேரத்துக்குள் எவ்வளவு கழன்றிருக்கும்? வெறும் வயிறு அதை வேகமாக்குமா, மெதுவாக்குமா? தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அதே நேரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஏசிஎன்னைத்தான் குடித்து, திரையில் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தது. ஒரு மூட்டை மிளகில் கண்ணுக்குத் தெரியாத அளவு மருந்து இருந்தாலும் அந்த மெஷினால் காட்ட முடியும். விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட எங்களிடம் ஒரு மெஷினும் இல்லை.

"லேசா தல வலிக்கிது தங்கச்சி" என்றார் பின்னேரம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கணக்கு அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அது டீ குடிக்காத தலைவலி. எங்க வீட்டுக்காரர் ஒரு வேளை பிளேன்டீ இல்லாட்டியே தலையில துணியக் கட்டிக்கிட்டுப் படுத்துருவாரு."

"மொத பத்து நோம்புல எனக்கு எப்பவும் வாறதுதான்" என்றார் நானா.

இதுதான் அதில் மிகக் கொடுமையான விஷயம். நோன்பு மாதத்தில் பின்னேரமானால் எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தலைவலி. துணிக்கடைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பார், பஸ் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்துக்குள் இவருடைய தலைவலியும் போய் நின்றுகொண்டது. பிரித்தெடுக்க என்னிடம் உப்பு இல்லை.

அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"அவருக்கு மொத கெழம அப்பிடித்தான் மகள்" என்றார் அவர். "கொஞ்சம் சாஞ்சி ஈக்கச் செல்லுங்க. நோம்பு தொறந்தா சரியாகிடும்."

எல்லாரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் பைத்தியம் மாதிரிப் பேசியது நான் ஒருத்திதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வேகமாக எழுந்து பின்பக்கத் தண்ணீர்க் கானுக்குப் போய்ச் சத்தி எடுத்தார். வாந்தியில் வெறும் மஞ்சள் தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "தானா வந்திச்சி. தானா வந்தா நோம்பு முறியாது."

முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. மூச்சு, மலை ஏறி வந்தவர் மாதிரி இறைத்தது. அவர் ஏறியிருந்தது பின்வாசலின் இரண்டு படி.

"வாங்க நானா, போவோம்."

"இன்னங் கொஞ்ச நேரந்தானே. அஸரும் ஆகிட்டு. மஃரிபுக்கு நோம்பத் தொறந்துட்டுப் போவம்."

"அது வரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

நோன்பு தவறினால் பிறகு ஒரு நாளில் அதைத் திருப்பிப் பிடிப்பதைக் களா செய்வது என்பார்கள். அவரிடம் கேட்ட சொல்தான்.

"நோம்பக் களா செய்யலாம் நானா" என்றேன். "உங்களக் களா செய்ய ஏலாது."

நானா போனை எடுத்து அவருடைய பள்ளிவாசல் மௌலவிக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார், கை நடுங்கியதால் காதில் பிடிக்க முடியவில்லை.

"மௌலவி, தல வலி. ஒரு சத்தியும் வந்திச்சி. நோம்ப வச்சிக்கொள்ள ஏலுமா?"

"தானா வந்ததா?"

நான் குறுக்கே விழுந்தேன். "மௌலவி, இவரோட வேலை செய்றவ பேசுறேன். இவரு காலையில விஷத்த மூச்சில எடுத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறாரு."

மௌலவியின் குரல் உயர்ந்தது.

"அப்ப ஏன் மகள் என்னோட கதச்சிக்கொண்டு ஈக்கிறீங்க? தூக்கிட்டுப் போங்க. அவருக்குச் செல்லுங்க, நோம்ப விட்டதுக்கு அல்லாஹ் கேக்க மாட்டான். போகாட்டி, அதுக்குத்தான் கேப்பான்."

நானா எழுந்தார். எழுந்தவரின் முழங்கால் மடங்கியது. நானும் அக்காவும் தாங்கி ரோட்டுக்குக் கொண்டு வந்து த்ரீவீலரில் ஏற்றினோம். த்ரீவீலர்க்காரன் கண்ணாடியில் பார்த்து, நோன்பா என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு தம்பிலி இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்றான். வழியெல்லாம் நானா என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அந்த மூச்சில் இனிப்பு மணம் வருகிறதா என்று மோந்துகொண்டே போனேன். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சயனைட். இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பெண் அந்தச் சொல்லைச் சொல்வது, பனடோல் மாத்திரை என்று சொல்வது போல இல்லை. கழுத்தில் சயனைட் குப்பி தொங்கிய அந்தப் போர் முடிகிறபோது நான் சின்னப்பிள்ளை, எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தாதியின் பேனா நின்றது. வாசலில் நின்ற செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள். கூட வேலை செய்கிறவர் என்றேன். அடையாள அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். திரும்பத் திரும்ப அதே சொல்லை, சிங்களத்தில், மெதுவாக, கோர்ட்டில் நிற்கிறவள் மாதிரிச் சொன்னேன்.

வந்த டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்ன சாமான், எவ்வளவு, எப்போது என்று மட்டும் கேட்டாள். காலையில் என்றதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மூக்கில் ஒட்சிசன் மாஸ்க், கையில் ஊசி, தயோசல்பேட் மருந்து. சயனைட்டைப் பிடித்து சிறுநீரில் போகிற சாதுவான ஒன்றாக மாற்றிவிடும் மருந்து அது. படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது சொட்டுச் சொட்டாக ஒருவரின் கைக்குள் இறங்குவதைப் பார்த்ததில்லை.

டொக்டர் பிறகு எனக்குச் சிங்களத்தில் விளக்கினாள். உள்ளே போனது தீரும்வரை ஈரல் செய்துகொண்டே இருக்கும். நன்றாகிவிட்ட மாதிரித் தெரியும், திரும்ப விழலாம். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்து, மஃரிப் பாங்கு டவுன் பள்ளியிலிருந்து ஜன்னல் வழியாக வந்தது. எதிர்க் கட்டிலில் காலில் கட்டுப் போட்ட ஒரு ஆள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். நானாவின் மனைவி கஞ்சிப் பிளாஸ்க்கோடு வந்திருந்தார். மாஸ்க்கை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் பிளாஸ்க்கைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்து, தாதியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் காலை அவருக்குத் திரும்பவும் மூச்சு இறைக்கத் தொடங்கி, இரண்டாம் முறை மருந்து ஏற்றினார்கள். டொக்டர் சொன்னதுதான். சொன்னது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் நான் வார்டுக்கு வந்து அவரைப் பார்த்தபோது, அந்தச் சிரிப்பை ஒரு தடவை நம்பியதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிழைத்துவிட்டார். பெருநாளுக்குப் பிறகு வேலைக்கும் வந்துவிட்டார். சேர் ஸ்டோர் ஜன்னலின் பலகையைக் கழற்ற வைத்தார். விட்ட நோன்புகளை நானா களா செய்து முடித்து, "இப்ப சரி, ஒண்டும் பாக்கியில்ல" என்றார். ஆனால் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் அவர் சொல்கிற கதை வேறு. நோன்பு, வயிற்று கேஸ், வெயில், கொஞ்சம் பிரஷர். "தங்கச்சி பயந்துட்டா, பாவம்." மனைவியும் அப்படித்தான் சொல்கிறார். அவர்கள் இருவருக்கும் விஷத்தைவிட நோன்புதான் பழக்கமான எதிரி போலிருக்கிறது. நான் சண்டை போடுவதில்லை.

எனக்குத்தான் அந்தப் பகல் முடியவில்லை. கண்டி பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது போனில் சிரித்தால், இந்த ஆள் காலையில் எதைத் துடைத்தாரோ என்று தோன்றுகிறது. பூசையில் பீடத்துப் பூக்களின் இனிப்பு மணம் வந்தால் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். அம்மா தலைவலி என்று சொன்னாலும், "காலையில என்ன தொட்டீங்க?" என்று கேட்கிறேன்.

"புரோக்கரோட போனைத்தான்டி" என்கிறார் அம்மா.

நானாவை மட்டும் மறைந்து மறைந்து பார்க்கிறேன். அவர் படியேறும்போது மூச்சைக் கவனிக்கிறேன், தொழும்போது நெற்றி மேலே வரும்வரை கதவிடுக்கில் நிற்கிறேன். போன கிழமை நான் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, மையத்தப் பாக்குற மாதிரிப் பாக்குறீங்க?"

மையத் என்றால் பிணம். சாம்பிள் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு மெஷின் அறைக்குள் போய்விட்டேன்.

இதை மெஷின் அறையில் இருந்து, சாம்பிள் ஓடுகிற நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை கழிவு ஏசிஎன் கேனை ஸ்டோரிலிருந்து வெளியே எடுத்தது நானா. மூடி தளர்ந்திருந்ததாம், கொஞ்சம் கையில் பட்டதாம். கிளவுஸ் போட்டிருந்ததாகச் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. இப்போது அவர் வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.